கண்டதை மட்டும் எழுதியவர்

காணவொண்ணாக் கருவினுள்ளும் கலந்துநின்ற கந்தனே
நாணமின்றி நானறிந்தேன் என்றுரைத்த நாவினைக்
கோணலின்றித் திருத்தியுண்மை கூறவைத்த குமரனே
பேணியிந்தச் சொல்லனைத்தும் பிழையகற்றிக் காக்கவே.

இன்று தைத் திங்கள் கிருத்திகை நன்னாள். விடியலில் நீராடி, திருநீறு தரித்து, பழனி மலை இருக்கும் மேற்றிசை நோக்கிக் கைகுவித்துவிட்டு இதனை எழுத அமர்ந்தேன். அடியார் பெருமை பேசும் செய்யுள்களை இளமை முதல் ஓதி வருபவன் நான். அவற்றுள் வரும் தொண்டர் சிலருக்குப் பெயரே சொல்லப்படுவதில்லை. அவர் செய்த ஒரு செயலே பெயருக்கு ஈடாக நின்றுவிடும். நான் எழுதப்போகும் அம்மையாரும் அத்தகையவர். சோதனைத் தாளின் அடியில் இடும் கையொப்பத்தைத் தவிர வேறெங்கும் தம் பெயர் தென்படுவதை விரும்பாதவர். ஆதலால் நானும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தொலைவில் எங்கள் வீடு. தெருவைப் பார்த்த முன்னறைகள் இரண்டிலும் அவர் பதினோர் ஆண்டுகள் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தினார். சித்தையன்கோட்டைக்கு அப்பால் ஓர் ஊரில் நெல்லும் வாழையும் பயிரிட்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் பள்ளி ஒன்றில் எழுத்தர். காலைப் பூசை முடிந்து, நெற்றியில் இட்ட தண்ணீர்ச் சிலுவை உலருமுன் வந்து கதவைத் திறப்பார். உள்ளே ஒரு மேசை, ஒற்றைக் குழல் நுண்ணோக்கி, ரத்தம் நிறைத்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் பொறி, குளிர்பெட்டி, மாதாவின் படம் போட்ட நாட்காட்டி. நாற்காலி ஒன்று அதிகப்படியாக இருந்ததில்லை. இருந்தால் வந்தவர்கள் அமர்ந்து பேசத் தொடங்கிவிடுவார்களாம்.

நுண்ணோக்கியின் குழலில் ஒரு கண்ணை வைக்கும்போது மற்றக் கண்ணை மூடுவது நம் இயல்பு. அவர் மூடமாட்டார். இரு கண்ணும் திறந்திருக்க, ஒன்று குழலுக்குள்ளும் மற்றொன்று மேசைமீதும் இருக்கும். மூடினால் கண் களைத்துவிடும், களைத்த கண் இல்லாததைக் காட்டும் என்பார். அப்படி அவர் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் வாசலில் யார் நின்றாலும் திறந்த கண் தம்மையே பார்ப்பதாக எண்ணி, காலணியைச் சரியாகக் கழற்றிவிட்டு நிற்பார்கள்.

கிருமிக்குச் சாயம் ஏற்றும் ஊதா மை அவருடைய விரல்களில் எந்நாளும் ஒட்டியிருக்கும். பக்கத்துக் கடையில் இருசக்கர வண்டி பழுதுபார்ப்பவன் ஒரு நாள் சிரித்தபடி, "என்னக்கா, அஞ்சு விரல்லயும் மை? எத்தனை தொகுதியில ஓட்டுப் போட்டீங்க?" என்றான். அவர் தலை நிமிராமல், "ஏலே, இந்தத் தேர்தல்ல நிக்கிறவன் அம்புட்டுப் பேரும் உன் எச்சில்லதான் இருக்கான். வா, காட்டுறேன்" என்றார். அவன் ஒரு வாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இனிமையாகப் பேசுபவர் என்று அவரைச் சொல்ல இயலாது. சிறுநீரை ஊறுகாய்ப் புட்டியில் பிடித்து வந்த ஒரு பெரியவரிடம், எலுமிச்சையைச் சோதிக்க வேண்டுமா மாங்காயைச் சோதிக்க வேண்டுமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அந்தப் பெரியவர் என் மைத்துனர் என்பதை அறிந்தபின்னும் முகம் மாறவில்லை. குடும்பத்தோடு சண்டைக்கு வந்த என் மனைவி, புட்டியில் ஒட்டியிருக்கும் உப்பும் எண்ணெயும் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு நோய் இல்லை என்று பொய்யாக எழுத வேண்டிவரும் என்ற விளக்கத்தைக் கேட்டுவிட்டு, கொதிநீரில் கழுவிய கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்கே போனாள்.

அவருடைய வாழ்வு முழுவதும் ஒரே அச்சில் சுழன்றது. கண்டதை எழுதுவார். காணாததைக் கண்டதாக எழுதமாட்டார். காய்ச்சலோடு வருபவர்க்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது. பெயர் கிடைத்தால் பாதி நோய் தீர்ந்ததுபோல் இருக்கும். "டைபாய்டுன்னு போட்டுக் குடுங்கம்மா, மாத்திரை வாங்கிட்டுப் போயிருதேன்" என்று கேட்பார்கள். அவர் மறுப்பார். அடுத்த தெருவில் கேட்டபடி எழுதித் தரும் இடம் ஒன்று இருந்தது. பலர் அங்கே போனார்கள். அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

பாக்டீரியா என்பதை நான் கண்ணால் கண்டது அவர் தயவால். காலில் ஆறாப் புண்ணோடு வந்த வெங்காய வியாபாரி ஒருவரின் சீழை எடுத்து, உணவுக்கூழ் ஊற்றிய சிறு தட்டில் தடவி, உடற்சூட்டில் வைத்திருந்தார். மறுநாள் அந்தத் தட்டில் பொன்னிறப் புள்ளிகள் பூத்திருந்தன. ஒவ்வொரு புள்ளியும் கோடிக்கணக்கானவற்றின் குடியிருப்பு என்றார். பின்னர் வேறொரு தட்டில் அவற்றைப் பரப்பி, வெவ்வேறு மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்தார். அடுத்த நாள் சில வில்லைகளைச் சுற்றி எதுவும் வளராத தெளிந்த வட்டம் இருந்தது. சிலவற்றைச் சுற்றி வட்டமே இல்லை. எந்த மருந்து கேட்கும், எந்த மருந்து வீண் என்பதைப் புண் தானே எழுதிக் காட்டியதுபோல் இருந்தது. வியாபாரியின் கால் பிழைத்தது.

அப்படியானால் வைரஸ் காய்ச்சலுக்கும் இவ்வாறே தட்டில் வளர்த்து மருந்து பார்க்கலாமே என்று கேட்டேன். அன்று வேலை குறைவு. அதனால் விடை கிடைத்தது.

"பாக்டீரியா தனிக்குடித்தனக்காரன் ஐயா. அவனுக்குன்னு சுவர் இருக்கு, அடுப்பு இருக்கு. சோறு போட்டா எங்கேயும் பொங்கித் தின்னு ரெண்டா, நாலாப் பெருகுவான். அவன்ல நல்லவன்தான் அதிகம். உங்க வீட்டுத் தயிரு அவன் உறைய வச்சதுதான். கெட்டவன் வந்தா நஞ்சைக் கக்குவான், சதையைத் தின்பான். மாத்திரை அவன் சுவரை இடிக்கும், இல்லேன்னா அடுப்பை அணைக்கும். வைரஸுக்குச் சுவரும் இல்லை, அடுப்பும் இல்லை. மாத்திரை போய் எதை இடிக்கும்?"

பிறகு எது அது என்றேன். அவர் சற்று யோசித்து, என் இளைய மகன் வேலை பார்க்கும் நூற்பாலையை உவமையாக எடுத்தார். ஆலைக்குள் ஒரு கள்ள உத்தரவுச் சீட்டு நுழைகிறது. சீட்டுக்குக் கை இல்லை, கால் இல்லை, பசி இல்லை. ஆனால் அதில் எழுதியிருப்பதை ஆலை நம்பிவிடுகிறது. தன் பஞ்சு, தன் மின்சாரம், தன் பொறி எல்லாவற்றையும் கொண்டு நூலுக்குப் பதிலாக அந்தச் சீட்டையே ஆயிரம் ஆயிரமாக அச்சடிக்கிறது. முடிவில் சுவர் வெடித்து, சீட்டுகள் பக்கத்து ஆலைகளுக்குப் பறக்கின்றன. உயிரணு என்பது அந்த ஆலை. உயிருள்ள ஆலை கிடைக்காத வரையில் சீட்டு வெறும் சீட்டுத்தான். ஆகவே உணவுக்கூழ்த் தட்டில் அது வளராது. அளவிலும் மிகச் சிறியது. பாக்டீரியாவை ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரி என்று கொண்டால் டெங்கு வைரஸ் அதில் ஏற்றிய ஒரு பூசணிக்காய். இந்த நுண்ணோக்கியில் லாரி தெரியும், பூசணிக்காய் தெரியாது.

எனக்குக் குறும்பு தோன்றியது. கண்டதை மட்டுமே நம்பும் உங்களுக்குக் காணாத ஒன்று இவ்வளவு வேலை செய்வது சங்கடமாக இல்லையா என்று கேட்டேன். தினமும் கோயிலுக்குப் போகிறவர் அவர் என்பதையும் நினைவூட்டினேன்.

"பார்க்காததை இல்லைன்னு நான் என்னைக்குமே சொன்னதில்லையே ஐயா," என்றார். "பார்த்தேன்னு எழுத மாட்டேன். அம்புட்டுத்தான்."

அந்த மறுமொழியை நான் மெச்சினேன். எங்கள் பஜனைக் கூட்டத்தில் இரண்டு முறை எடுத்தும் சொன்னேன். பொருள் முழுதும் விளங்கிவிட்டது என்று எண்ணியிருந்தேன்.

இனிச் சொல்லப்போவது என் பிழை.

என் இளைய மகனுக்குத் திருமணமாகி ஏழாண்டுகள் பிள்ளையில்லை. பெண் குழந்தை ஒன்று பிறந்ததும், தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி சுமந்து நடந்தே வருவதாக அவன் நேர்ந்துகொண்டான். எங்கள் குழுவில் நாற்பது பேர். முன்னே பாடிச் செல்லும் கடமை இருபத்தாறு ஆண்டுகளாக என்னுடையது. அவ்வாண்டு மழை தை மாதம் வரையும் நீண்டு, தெருவெங்கும் பழைய தொட்டிகளிலும் தேங்காய்ச் சிரட்டைகளிலும் நீர் நின்றது. புறப்பாட்டுக்கு ஐந்து நாள் இருக்கையில் அவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் குடைகிறது, எலும்பெல்லாம் நொறுங்குகிறது என்றான். தெருவில் எல்லோரும் டைபாய்டு என்றார்கள். என் மனைவிக்கு முன்பு வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வீட்டில் மிஞ்சியிருந்தன. யாரையும் கேளாமல் அவற்றை அவனுக்கு நானே கொடுத்தேன்.

மூன்றாம் நாள் செய்தி அறிந்த அம்மையார் தாமே உள்ளே வந்து ரத்தம் எடுத்தார். மாத்திரை அட்டையைப் பார்த்தார். எதை இடிக்கக் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மாலையில் தாள் வந்தது. மலேரியாக் கிருமி காணப்படவில்லை. வேறு கிருமியும் காணப்படவில்லை. வெள்ளணுக்கள் குறைவு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவு. நாளைக்கும் பார்க்க வேண்டும். வைரஸாக இருக்கும், டெங்குவாகவும் இருக்கலாம் என்று தாம் நினைப்பதாகவும், நினைப்பதைத் தாளில் எழுத இயலாது என்றும், உறுதி செய்ய மதுரைக்கு ரத்தம் அனுப்பியிருப்பதாகவும் வாயால் சொன்னார். மருத்துவமனையில் காட்டச் சொன்னார்; நான் தள்ளிப்போட்டேன். நான்காம் நாளும் ரத்தம் எடுத்தார். தட்டணுக்கள் மேலும் இறங்கியிருந்தன.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. வியர்த்து, உடல் குளிர்ந்து, மகன் எழுந்து அமர்ந்தான். வீடே மலர்ந்தது. இருப்பினும் அவன் நடக்கலாமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஐயம் வந்தால் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியே இலையில் மடித்து முருகன் முன் போட்டு, கள்ளமறியாக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் செய்வது வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் மறுப்பு. அன்றைக்கு அந்தத் தாளையும் முருகன் திருவடியில் வைத்தேன். கிருமி காணப்படவில்லை என்ற வரி எனக்கு அவனே எழுதித் தந்ததுபோல் இருந்தது. தவழ்ந்து வந்த பேத்தியின் கை எடுத்த மடிப்பில் வெள்ளைப் பூ இருந்தது.

மறுநாள் விடியலில் புறப்பாடு. காவடி கட்டி முடித்து, மகன் பச்சை வேட்டியோடும் மாலையோடும் நின்றான். முதல்நாள் முழுவதும் விரதம். அன்று முதல் மலையேறும் வரை ஒருவேளை உணவுதான். அம்மையார் அன்று கோயிலுக்குப் போகவில்லை போலும், ஆறு மணிக்கே வந்துவிட்டார். கையில் ஊசி இருந்தது.

காவடி ஏற்றும் நேரத்தில் ரத்தம் எடுப்பதா என்று நான் முகம் சுளித்தேன். மகன் சிரித்துக்கொண்டே, "எடுங்கக்கா, முருகனுக்கும் முன்னாடி முதல் காணிக்கை உங்களுக்குத்தான்" என்று கையை நீட்டினான்.

"செத்த நேரம் பொறுங்க ஐயா. அரை மணியில சொல்லிருதேன். அது வரைக்கும் கிளம்ப வேணாம்."

நல்ல நேரம் ஏழேகாலோடு முடிகிறது என்றேன். காய்ச்சல் போன பிறகு சோதனை எதற்கு என்றேன். அவர் உள்ளே ஓடினார். சுழற்பொறியின் இரைச்சல் கேட்டது. அதன்மேல் என் குரலை உயர்த்திப் பாட்டை எடுத்தேன். நாங்கள் புறப்பட்டோம்.

ரெட்டியார்சத்திரத்தை நெருங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சாலையோரப் புளியமரத்தடியில் யாரோ புண்ணியவான்கள் நீர்மோர் வழங்கினார்கள். மகன் மோரை வாங்கவில்லை. விரதத்தின் உறுதி என்று பெருமைப்பட்டேன். அப்போது, வழியெல்லாம் ஒவ்வொரு காவடிக் கூட்டமாக எங்களைத் தேடிக்கொண்டு, கணவரின் மொபெட்டில், வெள்ளைக் கோட்டோடு, தூசி படிந்த முகத்தோடு அம்மையார் வந்து இறங்கினார். பச்சையும் காவியுமாய்ப் போய்க்கொண்டிருந்த கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவர் நேரே என் முன் வந்து நின்றார்.

"ஐயா, தம்பி இனி ஒரு அடி நடக்கக் கூடாது."

எனக்குச் சினம் மூண்டது. நாற்பது அடியார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய கொள்கையை எடுத்தே அவரை அடித்தேன். நீங்கள் கண்டதை மட்டும் சொல்பவர் அல்லவா, டெங்குவைக் கண்டீர்களா, மதுரையிலிருந்து தாள் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"தாளு வரலை. அதை நான் பார்க்கவும் இல்லை. அது நடந்துபோன தடத்தைப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்."

கோட்டுப் பையிலிருந்து பஞ்சு சுற்றிய இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்களை எடுத்தார். ஊசியைவிடச் சற்றே பருத்தவை. சுழற்பொறியில் இட்ட ரத்தம் அவற்றில் அடியில் சிவப்பாகவும் மேலே வைக்கோல் நிற நீராகவும் பிரிந்து நின்றது. இரண்டையும் வெயிலுக்கு எதிரே ஒன்றாகப் பிடித்தார். முந்தாநாள் குழாயில் சிவப்பு பாதிக்குக் கீழே நின்றது. அன்றைக் குழாயில் பாதியைத் தாண்டி ஏறியிருந்தது.

காய்ச்சலை உண்டாக்கிய வைரஸை உடம்பு எதிர்த்துப் போரிடுகிறது. அந்தப் போரின் வேகத்தில் ரத்தக் குழாய்களின் சுவர்கள் தளர்ந்துவிடுகின்றன என்று விளக்கினார். ரத்தத்திலுள்ள நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்குகிறது. மிஞ்சிய ரத்தம் கெட்டியாகிறது. கசிவு கூடினால் இதயம் உடம்புக்கு அனுப்பப் போதிய ரத்தம் இராது. இந்த நோயில் காய்ச்சல் அடிக்கும் நாட்களைவிட, அது விட்ட பின் வரும் ஒன்றிரண்டு நாட்களே கொடியவை.

நான் இறங்கிவரவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாய் இருக்கிறது.

"கிருமி காணலைன்னு எழுதிக் குடுத்தது நீங்க," என்றேன். "அந்தத் தாளை வச்சுத்தான் முருகன்கிட்டக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்துச்சு. உத்தரவு குடுத்த பின்னாடி நீங்க வந்து மறிக்கிறீங்களா?"

அந்தத் தாள் எங்கே போயிற்று, என்னவாகப் படிக்கப்பட்டது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எழுதியதில் பொய் இல்லை, ஆனால் அது அரைகுறை, அந்தக் குறை தம்முடையது என்று மெல்லச் சொன்னார். அதன்பின் அவர் கொடுத்த ஒவ்வொரு தாளிலும், காணப்படவில்லை என்பதன் கீழே, இல்லை என்று இதற்குப் பொருளன்று என ஒரு வரி கையால் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அன்று, அந்த மரத்தடியில், அவர் தம் குறையைச் சொல்லிவிட்டு விலகிப் போய்விடவில்லை. இன்னும் ஓர் அடி முன்னே வந்தார்.

"சாமிகிட்ட என்ன ஐயா கேட்டீங்க? அப்படியே சொல்லுங்க."

"காய்ச்சல் விட்டுருச்சு, கிருமியும் இல்லை, நடக்கலாமான்னு கேட்டேன்."

"அவரு சரியாத்தான் சொல்லிருக்காரு. காய்ச்சல் விட்டு, கிருமியும் இல்லாத ஆளு தாராளமா நடக்கலாம். எங்கிட்டயும் அப்படித்தானே ஐயா? எந்தச் சோதனையைக் கேட்டு வாராங்களோ அதுக்குத்தான் விடை வரும். காய்ச்சல் விட்டாத்தான் ஆபத்து தொடங்குற நோயி ஒண்ணு இருக்கு, இவனுக்கு அதுவா இருக்குமோன்னு நீங்க கேக்கலையே. கேக்காததுக்கு அவரு எப்படிச் சொல்லுவாரு?"

மோர்க் குவளையோடு நின்றவர் குவளையைக் கீழே வைத்தார். என் உள்ளத்தில், இத்தனை ஆண்டுகள் ஓதிய செய்யுள்களில் ஒன்றுகூட எனக்குத் துணையாக எழவில்லை. எழுந்திருந்தால் அவர் பக்கமே நின்றிருக்கும்.

அவர் என்னை விட்டு மகனிடம் திரும்பினார்.

"தம்பி, அப்பாவைப் பார்க்காத. என்னையப் பாரு. வயிறு வலிக்குதா?"

அவன் என்னைத்தான் பார்த்தான். பிறகு தலையசைத்தான்.

"வாந்தி எடுத்தியா?"

"ரெண்டு வாட்டிக்கா. பின்னாடி ஒதுங்கி எடுத்தேன். விரதம் கலைஞ்சிருச்சோன்னு யாருகிட்டயும் சொல்லலை."

"விடிஞ்சதுல இருந்து ஒண்ணுக்குப் போனியா?"

"இல்லைக்கா."

அவன் கையைப் பிடித்துப் பார்க்குமாறு என்னிடம் சொன்னார். பிடித்தேன். உச்சி வெயிலில் அது கிணற்றடிக் கல்லைப்போல் சில்லிட்டு, ஈரமாய் இருந்தது. விடியற்காலையிலும் அந்தக் கையை நான் பிடித்திருந்தேன். அப்போதே அது குளிர்ந்துதான் இருந்தது. அருள் இறங்கிய குளிர்ச்சி என்று அதனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

"காவடியைக் கீழ வைக்கக் கூடாதேப்பா," என்றான் மகன். அவன் உதடு உலர்ந்து வெடித்திருந்தது.

"கீழ வைக்க வேணாம். எந்தோள்ல வை."

மோர் வழங்கியவர்களுடைய கார் ஒன்று மரத்தடியில் நின்றது. அம்மையார் தாம் வரும்போதே அரசு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஒரு புட்டியில் கொண்டுவந்திருந்தார். அதைச் சிறிது சிறிதாக மகனின் வாயில் ஊற்றினார். விரதம் என்று அவன் முணுமுணுத்தபோது, இது மருந்து, மருந்துக்கு விரதம் இல்லை என்று நான் சொன்னேன். அன்று நான் சொன்னவற்றுள் சரியான சொல் அது ஒன்றே.

நானும் காரில் ஏற முனைந்தேன். அவர் தடுத்தார். வந்து வாசலில் உட்கார்ந்திருப்பதால் அவனுக்கு ஒரு சொட்டு நீரும் ஏறாது, அவனுடைய நேர்ச்சை வழியில் நிற்கிறதே என்றுதான் கிடந்து தவிப்பான், ஆதலால் நீங்கள் நடங்கள் என்றார். அவருக்கு எங்கள் காவடி வழிபாட்டில் நம்பிக்கை உண்டா என்று நான் கேட்டதில்லை. என் மகன் தவிப்பான் என்பதை அவர் கண்டார். கண்டதைச் சொன்னார்.

கார் திண்டுக்கல் நோக்கித் திரும்பியது. மொபெட்டைக் குழுவில் ஒருவர் உருட்டிச் சென்று பக்கத்துக் கடையில் நிறுத்தினார். நான் காவடியோடு மேற்கே நடந்தேன். இருபத்தாறு ஆண்டுகளில் பாடாமல் நடந்தது அன்றுதான். வேறு ஒருவர் பாட்டை எடுத்தார். நான் அடிதோறும் ஒன்றையே கேட்டுக்கொண்டு நடந்தேன். இம்முறை கேள்வியைச் சரியாகக் கேட்டேன். அவன் பிழைப்பானா என்று கேட்டேன்.

பின்னொரு காலத்தில், உலகமே ஒரு வைரஸின் முன் கதவடைத்துக் கிடந்தபோது, எங்கள் தெருவில் பலர் ஆன்டிபயாட்டிக் அட்டைகளைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்கள். அப்போது அம்மையார் தம் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். அந்த அட்டைகளைக் கண்ட இடமெல்லாம் நான், எதை இடிக்கப் போகிறது என்று கேட்டேன். கிழவனுக்கு வேறு வேலையில்லை என்றார்கள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஓதுவதைப் போலவே அதையும் ஒரு கடமையாகக் கொண்டு இன்றளவும் கேட்டு வருகிறேன்.

அந்தப் புளியமரத்தடியில் பிரிந்த மறுநாள் நண்பகலில் ஒட்டன்சத்திரம் அடைந்தோம். சந்தை வாசலில் கேரளத்துக்குப் போகும் லாரிகளில் முட்டைக்கோசு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காவடித் தண்டு அழுத்தியதில் என் தோள் தோலுரிந்து எரிந்தது. இடுப்பு மடிப்பில் இருந்த கைப்பேசி ஒலித்தது. அதை எடுக்க எனக்கு அச்சமாய் இருந்தது. பக்கத்தில் நின்ற அடியார் எடுத்து என் காதில் வைத்தார்.

மறுமுனையில் அவர் குரல். வணக்கமில்லை, முன்னுரையில்லை.

"ஐயா, ஒண்ணுக்குப் போயிட்டான். ரெண்டு தடவை. இப்பத்தான் குழாயைச் சுத்திப் பார்த்துட்டு வாரேன். சிவப்பு எறங்கிருச்சு. கண்ணால பார்த்துட்டுத்தான் சொல்லுறேன்."

அப்படியே சாலையில் அமர்ந்து அழுதேன். காவடி சாயாமல் இருவர் தாங்கிக்கொண்டார்கள். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் ஓடிவந்து, "ஏனுங்க சாமி, கெட்ட சேதிங்களா?" என்று கேட்டார்.

"இல்லைப்பா. எம்மகன் ஒண்ணுக்குப் போயிட்டான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, என் கண்ணீரில் எதைக் கண்டாரோ, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, "நல்லதுங்க சாமி, ரொம்ப நல்லதுங்க" என்று பணிவாகச் சொன்னார். நான் எழுந்து, விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தேன்.

இதனைப் படிப்போர் இல்லங்களில் நோய் அண்டாதிருக்க. அண்டினாலும், அறியாததை அறியேன் என்று உரைக்கும் நாவும், அறிந்ததை வழிமறித்து உரைக்கும் நெஞ்சுரமும் உடைய ஒருவர் அவர்கள் வாசலில் உரிய நேரத்தில் வந்து நிற்க. அவர் சொல்லுக்குச் செவிசாய்க்கும் பணிவை அறுமுகன் அனைவர்க்கும் அருள்க.